கூட்டுப்பணி கண்ட உடையவர்

நுழையும்முன்

ஒருவருடைய நோய் தீர்வதற்கு மருத்துவரின் அறிவு மட்டும் போதாது. மருந்தை ஆயத்தம் செய்பவர், அருகிலிருந்து கவனிப்பவர், ஏற்ற உணவைச் சமைப்பவர், தூய நீர் கொணர்பவர் எனப் பலரின் உழைப்பும் ஒன்றுசேர வேண்டும். இவர்களுள் ஒருவர் தம் கடமையில் தவறினாலும் மற்றவர்களின் உழைப்பு வீணாகும். இவ்வுண்மையைத் திருவரங்கத்தில் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து நடைமுறைப்படுத்தியவர் இராமானுசர். சமய அறிஞராகவும் சமூகச் சீர்திருத்தச் சான்றோராகவும் நாம் அறிந்த அவரை, பலதுறைப் பணியாளர்களை ஒருங்கிணைத்த நிருவாகியாகவும் அறிந்துகொள்ள இப்பாடம் துணைபுரியும்.

இளமையும் கல்வியும்

இராமானுசர் கி.பி. 1017 ஆம் ஆண்டு திருப்பெரும்பூதூரில் பிறந்தார் என்பது வைணவ மரபு. பெற்றோர் கேசவ சோமயாசியும் காந்திமதியும் ஆவர். தாய்மாமனாகிய பெரிய திருமலைநம்பி அவருக்கு இளையாழ்வார் எனப் பெயரிட்டார். பின்னாளில் இராமானுசர், எதிராசர், உடையவர், எம்பெருமானார் எனப் பல பெயர்கள் அவருக்கு வழங்கின.

இளமையில் அவர் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியர் கூறிய விளக்கங்களைக் கேட்டதோடு நில்லாமல், பொருந்தாதவற்றைப் பணிவோடு மறுக்கவும் செய்தார். அதனால் ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகி, அவரிடமிருந்து விலக நேர்ந்தது. அக்காலத்தில் அவருக்கு ஆறுதலாக விளங்கியவர் திருக்கச்சிநம்பி. பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்த நம்பி, காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் பணியைச் செய்துவந்தார். அவருடைய அறிவுரையின்படி, இராமானுசர் நாள்தோறும் சாலைக்கிணற்றிலிருந்து கோயிலுக்கு நீர் சுமக்கும் பணியை மேற்கொண்டார். பிற்காலத்தில் பெருங்கோயில் ஒன்றின் நிருவாகத்தையே ஏற்கவிருந்தவர், கோயிற்பணியைக் குடம் சுமப்பதிலிருந்து தொடங்கினார் என்பது எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

இராமானுசர் வாழ்ந்த காலத்தில் காஞ்சிக்கு அருகிலேயே மருத்துவமனை ஒன்று இயங்கியது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு அதனை விரிவாகக் கூறுகிறது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் செயற்பட்டன. மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்ந்து மருந்து ஆக்குவோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர், நீர் கொணர்வோர் ஆகியோர் அங்குப் பணியாற்றினர். ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் தனித்தனியே வரையறுக்கப்பட்டிருந்தது. மருத்துவமனையில் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஐவரிடம் கற்றவர்

திருவரங்கத்தில் வைணவத் தலைமையை ஏற்றிருந்த ஆளவந்தார், தம் வாழ்வின் இறுதிக்காலத்தில் இராமானுசரைக் காண விரும்பினார். அழைத்துவரச் சென்ற பெரியநம்பியுடன் இராமானுசர் திருவரங்கத்தை அடைந்தபோது ஆளவந்தார் மறைந்திருந்தார். உயிருடன் காணாத அப்பெருமகனைத் தம் வழிகாட்டியாக மனத்தில் ஏற்று இராமானுசர் காஞ்சிக்குத் திரும்பினார். பின்னர் மதுராந்தகத்தில் பெரியநம்பி அவருக்கு மந்திர உபதேசம் செய்தார். சில காலத்துக்குப்பின் இல்லறத்தைத் துறந்து துறவு பூண்ட இராமானுசர், திருவரங்கத்துக்கே வந்து தங்கினார்.

ஆளவந்தார் தம் அறிவுச் செல்வத்தை ஒருவரிடமே ஒப்படைத்துச் செல்லவில்லை. மாணவர் பலரிடம் அதனைப் பகிர்ந்து வைத்திருந்தார். எனவே இராமானுசர் ஐந்து ஆசிரியர்களை நாட வேண்டியிருந்தது. பெரியநம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், பெரிய திருமலைநம்பி ஆகியோரே அவ்வைவர். ஒருவரிடம் மந்திரப்பொருள், மற்றொருவரிடம் திருவாய்மொழி, வேறொருவரிடம் இராமாயணம் என அவர் தனித்தனியே கற்றார்.

அக்கல்வி எளிதாகக் கிட்டவில்லை. திருக்கோட்டியூர் நம்பியைக் காண அவர் 18 முறை நடந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பெற்ற மந்திரப்பொருளைத் தமக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளாமல், விரும்பிய அனைவருக்கும் கோயிலின் உயரத்தில் நின்று அறிவித்தார். ஆசிரியரின் ஆணையை மீறியதால் தமக்குத் தீங்கு நேரினும், பலர் நலம்பெறுவது மேல் என்று அவர் கருதினார். முதலில் சினந்த நம்பி, பிறகு அவருடைய உள்ளத்தின் பெருமையை உணர்ந்து தழுவிக்கொண்டார்.

திருமலையாண்டானிடம் திருவாய்மொழி கற்றபோது, சில பாடல்களுக்கு இராமானுசர் வேறு பொருள் கண்டார். ஆசிரியர் மனம் வருந்திப் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி இருவருக்கும் இடையே வந்து பேசிய பின்னரே பாடம் தொடர்ந்தது. கருத்து வேறுபடுவோரும் கூடிக் கற்க முடியும் என்பதை அந்நிகழ்வு இராமானுசருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

திருவரங்கப்பெருமாள் அரையரிடம் அவர் கற்ற முறை வேறானது. அரையர் என்போர் பாசுரங்களை இசையோடு பாடி அபிநயிப்பவர். பாடியும் ஆடியும் அயர்ந்து திரும்பும் ஆசிரியருக்கு, இராமானுசர் பதமாகக் காய்ச்சிய பாலைக் கொடுத்தார். உடலில் பூச மஞ்சட்காப்பும் அரைத்துக் கொடுத்தார். ஆறு திங்கள் இப்பணி தொடர்ந்தது. ஒருநாள் மஞ்சட்காப்பின் பக்குவம் ஆசிரியருக்கு நிறைவளிக்கவில்லை என்பதை முகக்குறிப்பால் அறிந்து, மீண்டும் அரைத்து எடுத்துவந்தார். நூற்புலமை மிக்க துறவி ஒருவர், பிறரின் உடல்நலம் பேணும் சிறு வேலையையும் பிழையறச் செய்யவேண்டிய கல்வியாகவே மதித்தார்.

நிருவாகத்தில் நேர்ந்த இடர்கள்

திருவரங்கம் கோயில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் அமைந்தது. வழிபாடு, சமையல், மலர்த்தோட்டம், நெற்களஞ்சியம், கருவூலம், திருவிழா, அடியார்க்கு உணவளித்தல் எனப் பல பணிகள் அங்கு நாள்தோறும் நடைபெற்றன. அக்காலத்தில் கோயிலின் திறவுகோலும் அதிகாரமும் பெரியகோயில்நம்பி என்பவரிடம் இருந்தன. நிருவாகத்தில் குறைகள் மலிந்திருப்பதை இராமானுசர் கண்டார். அவற்றைக் களைய முயன்றபோது, பழைய நடைமுறையால் பயனடைந்தோர் அவரை எதிர்த்தனர்.

பெரியகோயில்நம்பியை வன்மையால் அகற்ற இராமானுசர் விரும்பவில்லை. தம் தலைமாணவராகிய கூரத்தாழ்வானை அவரிடம் அனுப்பினார். கூரத்தாழ்வானின் புலமையும் பண்பும் நம்பியின் உள்ளத்தை மாற்றின. நம்பியின் தாயார் மறைந்தபோது, நீத்தார்கடனில் உணவுண்ணும் இடத்தில் கூரத்தாழ்வான் அமர்ந்தார். நிறைவாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, கோயிலின் திறவுகோலையே அவர் வேண்டிப் பெற்றார் என்று மரபுவழிச் செய்தி கூறுகிறது. அதிகாரத்தை இழந்த நம்பி பகைவராகவில்லை. அவரே திருவரங்கத்தமுதனார் என்னும் பெயருடன் இராமானுச நூற்றந்தாதியைப் பாடினார்.

எதிர்ப்பு அத்துடன் ஓயவில்லை. நாள்தோறும் இல்லங்களில் பிச்சை ஏற்று உண்பது இராமானுசரின் வழக்கம். அவ்வுணவில் ஒருநாள் நஞ்சு கலக்கப்பட்டது. உணவை இட்ட பெண்மணி, கணவரின் கட்டளையை மீற முடியாமலும் பாவம் செய்ய மனமில்லாமலும் தவித்தார். வழக்கத்துக்கு மாறாக இராமானுசரின் காலில் வீழ்ந்து வணங்கி, குறிப்பால் தீங்கை உணர்த்தினார். உணவில் நஞ்சு இருப்பதை அறிந்த இராமானுசர் அதனைக் காவிரியில் எறிந்தார். எவரையும் பழிவாங்க எண்ணாமல் உண்ணாநோன்பு மேற்கொண்டார்.

செய்தி அறிந்து திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கத்துக்கு விரைந்து வந்தார். அவரை எதிர்கொள்ளச் சென்ற இராமானுசர், நண்பகல் வெயிலில் காவிரியின் சுடுமணலில் வீழ்ந்து வணங்கினார். நம்பி எழுமாறு கூறாமல் வாளா நின்றார். உடனிருந்த கிடாம்பி ஆச்சான் அதைப் பொறுக்க மாட்டாமல், இராமானுசரைத் தூக்கி நிறுத்தித் நம்பியையே கடிந்து வினவினார். இராமானுசரின் உடல்மீது உண்மையான பரிவு உடையவர் எவர் என்று அறியவே நம்பி அவ்வாறு காத்திருந்தார். அன்றுமுதல் இராமானுசருக்கு உணவு சமைக்கும் பொறுப்பு கிடாம்பி ஆச்சானிடம் ஒப்படைக்கப்பட்டது. பேணும் பணிக்குத் திறமையோடு பரிவும் தகுதியாகக் கொள்ளப்பட்டதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பத்துக் கொத்தும் ஒரே பணியும்

கோயிற்பொறுப்பை ஏற்ற இராமானுசர், பணியாளர்களின் அமைப்பை முழுமையாகச் சீர்செய்தார். திருவரங்கம் கோயிலின் வரலாற்றைக் கூறும் கோயில் ஒழுகு என்னும் நூல் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளது. அதுவரை ஐந்து பிரிவுகளாக இருந்த பணியாளர்களை அவர் பத்துப் பிரிவுகளாக விரிவுபடுத்தினார். அப்பிரிவுகள் கொத்து எனப்பட்டன. நீர்க்குடம் சுமப்போர் திருக்கரகக்கையார் என்றும், பாசுரம் விண்ணப்பிப்போர் விண்ணப்பம் செய்வார் என்றும், மலர்ப்பணி செய்வோர் தாசநம்பிகள் என்றும், வாயில் காப்போர் ஆரியபட்டாள் என்றும் பெயர் பெற்றனர். கைவினைஞர்களும் பிற தொழிலாளர்களும் உரிய பொறுப்புகளுடன் கோயிற்பணியில் இணைக்கப்பட்டனர்.

யார், எந்த வேளையில், எதைச் செய்ய வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டதால் குழப்பம் நீங்கியது. ஒரு கொத்தினர் தம் பணியை முடித்தால்தான் அடுத்த கொத்தினர் தொடங்க முடியும் என்னும் நிலையில், ஒவ்வொருவரும் மற்றவரின் பணியை அறிந்திருக்க வேண்டியதாயிற்று. நீர் வந்தால்தான் சமையல் நடக்கும். மலர் வந்தால்தான் மாலை கட்டலாம். சமையல் முடிந்தால்தான் அமுது படைக்க இயலும். இவ்வனைத்தையும் மேற்பார்வையிடும் பொறுப்பு முதலியாண்டானிடம் அளிக்கப்பட்டது.

முதலியாண்டான் இராமானுசரின் உறவினர், பெரும்புலவர். பெரியநம்பியின் மகளுக்குப் புகுந்த வீட்டில் வேலைக்கு உதவியாள் தேவைப்பட்டபோது, இராமானுசர் அவரையே அனுப்பினார். முதலியாண்டான் தயங்காமல் சென்று அங்குச் சமையல் வேலையைச் செய்தார். அவருடைய புலமையைப் பின்னர் அறிந்த அவ்வீட்டார் நாணினர் என்பர். பலரை மேற்பார்வையிடும் ஒருவர், அவர்கள் செய்யும் வேலையைத் தாமும் செய்து அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

ஆரோக்கியசாலை

திருவரங்கம் கோயிலில் மருத்துவமும் ஒரு பணியாக இடம்பெற்றது. மருத்துவராகிய கருடவாகன பண்டிதரை இராமானுசர் தன்வந்திரி சன்னதியின் பொறுப்பில் அமர்த்தினார் என்பது கோயில் மரபு. இது தொடர்பாகச் செவிவழிச் செய்தி ஒன்றும் வழங்குகிறது. ஒருநாள் வழிபடச் சென்ற இராமானுசர், இறைவனின் திருமுகத்தில் வாட்டத்தைக் கண்டார். அமுது படைத்தவர்களை விசாரித்தார். தயிர்ச்சோற்றோடு நாவற்பழமும் படைக்கப்பட்டது தெரியவந்தது. ஒவ்வாத அவ்வுணவால் சளி பிடித்ததாகக் கருதி, கருடவாகன பண்டிதரைக் கொண்டு கசாயம் ஆயத்தம் செய்து படைக்கச் செய்தார்.

இறைவனை உயிருள்ள ஒருவராகவே கருதிப் பேணிய பக்தியின் வெளிப்பாடு இச்செய்தி. இதில் மருத்துவம் சார்ந்த உண்மையும் அடங்கியுள்ளது. முகத்தைக் கூர்ந்து நோக்கியவர் ஒருவர். உண்ட உணவைப் பற்றிச் சொன்னவர் மற்றொருவர். மருந்தை அறிந்தவர் வேறொருவர். மூவரும் தமக்குத் தெரிந்ததைப் பகிர்ந்துகொண்டதால்தான் காரணமும் மருந்தும் புலப்பட்டன. உணவு படைத்தவர் அச்சத்தால் உண்மையை மறைத்திருந்தாலும், அவரிடம் கேட்பது தேவையற்றது என்று மற்றவர்கள் கருதியிருந்தாலும், மருத்துவரின் அறிவு பயன்பட்டிருக்காது.

இக்கோயிலில் ஆரோக்கியசாலை இயங்கியதற்குக் கல்வெட்டுச் சான்றுகள் உள்ளன. 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த போசளர் காலக் கல்வெட்டு, ஆரோக்கியசாலைக்கு நிலம் அளிக்கப்பட்டதையும் அது கருடவாகன பண்டிதர் மரபினரின் பொறுப்பில் இருந்ததையும் குறிப்பிடுகிறது. 14 ஆம் நூற்றாண்டின் படையெடுப்புகளால் கோயில் பெரும் பாதிப்புக்கு உள்ளானது. சிதைந்த ஆரோக்கியசாலை மீண்டும் கட்டப்பட்டதை 1493 ஆம் ஆண்டுக் கல்வெட்டு அறிவிக்கிறது. தன்வந்திரி சன்னதியை இன்றும் திருவரங்கம் கோயிலில் காணலாம்.

உறையூர் மல்லரின் தோள்

பணிகளைப் பிரித்தளித்ததோடு, பணியாளர்களுக்குள் உயர்வு தாழ்வு எண்ணம் வளராமலும் இராமானுசர் காத்தார். இன்று திருச்சிராப்பள்ளி நகரின் பகுதியாக விளங்கும் உறையூரில் பிள்ளை உறங்காவில்லி என்னும் மல்லர் வாழ்ந்தார். வெயிலில் தம் மனைவி பொன்னாச்சிக்குக் குடைபிடித்து வந்த அவரை இராமானுசர் அன்பால் ஈர்த்தார். கணவன் மனைவி இருவரும் அவருடைய அடியார்களாயினர், கோயிற்பணியிலும் பங்கேற்றனர்.

காவிரிக்கு நீராடச் செல்லும்போது இராமானுசர் முதலியாண்டானின் கையைப் பற்றிச் செல்வார். நீராடித் திரும்பும்போது உறங்காவில்லியின் கையைப் பற்றிவருவார். பிறப்பால் தாழ்ந்தவர் எனக் கருதப்பட்ட ஒருவரை நீராடிய பின் தொடுவது சிலருக்கு மனக்குறையை அளித்தது. உறங்காவில்லியின் உயர்ந்த பண்புகளை அவர்களுக்கு எடுத்துக்காட்டி, பிறப்பு பற்றிய செருக்கை இராமானுசர் நீக்கினார். ஒரே இடத்தில் கூடிப் பணியாற்றுவோர் ஒருவரையொருவர் மதிக்காவிட்டால், எவ்வளவு சிறந்த விதிமுறையும் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிரிவும் மீட்சியும்

சோழ மன்னன் ஒருவனின் பகைமையால் இராமானுசர் திருவரங்கத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவரைக் காக்கும்பொருட்டு, கூரத்தாழ்வான் ஆசிரியரின் காவியுடையை அணிந்து அரசவைக்குச் சென்றார்; அங்குத் தம் கண்களை இழந்தார். முதியவரான பெரியநம்பியும் அத்துன்பத்திலேயே உயிர்நீத்தார். இராமானுசர் மேற்கே சென்று போசள நாட்டில் தங்கினார். மன்னன் விட்டுணுவர்த்தனன் அவருக்கு ஆதரவளித்தான். மேலக்கோட்டை எனப்படும் திருநாராயணபுரத்திலும் அவர் கோயிற்பணிகளை ஒழுங்குபடுத்தினார். தமக்கு உதவிய ஒடுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டுச் சிறப்பித்து, கோயிலுக்குள் செல்லும் உரிமையையும் பெற்றுத் தந்தார்.

பல்லாண்டுகளுக்குப் பின் திருவரங்கத்துக்குத் திரும்பிய இராமானுசர், பார்வை இழந்த கூரத்தாழ்வானைக் கண்டு பெரிதும் வருந்தினார். தாம் தொடங்கிய பணிக்காகத் தம் தோழர்கள் கொடுத்த விலையை அவர் மறக்கவில்லை. பிரம்மசூத்திரத்துக்கு அவர் இயற்றிய ஸ்ரீபாஷ்யம் என்னும் பேருரைக்கும் கூரத்தாழ்வானின் நினைவாற்றலே துணைநின்றது. இராமானுசர் சொல்ல அவர் எழுதினார். பொருள் பொருந்தாத இடத்தில் எழுதுகோலை நிறுத்தித் தம் ஐயத்தை உணர்த்தினார். முதலில் வருந்திய இராமானுசரும், பின்னர்ச் சிந்தித்துப் பிழையை ஏற்றுத் திருத்திக்கொண்டார். திருவாய்மொழிக்கு உரை காணும் பணியைத் தம் மாணவராகிய திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் ஒப்படைத்தார். அனைத்தையும் தாமே செய்ய வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் இல்லை.

இராமானுசர் 120 ஆண்டுகள் வாழ்ந்து 1137 ஆம் ஆண்டு திருவரங்கத்தில் மறைந்தார் என்பது மரபு. கோயில் வளாகத்தில் உள்ள உடையவர் சன்னதி அவர் நினைவைப் போற்றுகிறது.

இன்றைய தேவை

நலவாழ்வுத் துறையில் பணியாற்றுவோர் மாணவப் பருவத்திலேயே ஒருவரோடொருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்க வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட செயல்திட்டம் வலியுறுத்துகிறது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், ஆய்வகப் பணியாளர், சமூகப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகிய அனைவரும் சேர்ந்தே நோயாளியைக் காக்கின்றனர். இரவு முழுவதும் நோயாளியின் அருகிலிருந்த செவிலியர் கண்ட மாற்றத்தை, காலையில் வரும் மருத்துவர் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். வீட்டின் வறுமையை அறிந்த சமூகப் பணியாளரின் கருத்தையும் மருத்துவம் கணக்கில் கொள்ள வேண்டும்.

இராமானுசர் காலத்துக் கோயிலும் இன்றைய மருத்துவமனையும் வேறுபட்டவை. ஆயினும், ஐந்து ஆசிரியர்களிடம் பணிந்து கற்றதும், கிடாம்பி ஆச்சானின் பரிவை மதித்ததும், கூரத்தாழ்வான் எழுதுகோலை நிறுத்தியபோது தம் கருத்தைத் திருத்திக்கொண்டதும் எக்காலத்துக்கும் ஏற்றவை. குடம் சுமப்பவரையும் கசாயம் காய்ச்சுபவரையும் ஒரே பணியின் பங்காளிகளாகக் கண்ட அவருடைய பார்வை, பலர் கூடி உழைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் இன்று தேவைப்படுகிறது.